கலெக்டருக்கும் எஸ்பிக்கும் ஒரு மெடிக்கல் ஷாப்காரன் எழுதுறது

கிருஷ்ணகிரி மாவட்ட கலெக்டர் அவர்களுக்கும் எஸ்பி அவர்களுக்கும் வணக்கங்க.

நான் காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு மெடிக்கல்ல 11 வருஷமா வேலை செய்றேன். திங்கக்கிழமை மனு நாள்ல நேர்ல வந்து குடுக்கலாம்னுதான் இருந்தேன், கடைய விட்டுட்டு வர முடியல, அதுவுமில்லாம அந்த கூட்டத்துல நின்னு இதச் சொல்ல எனக்கு வாய் வராது, அதான் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதிட்டேன்.

விஷயம் வலி மாத்திரை. டேபென்டடால். கடுமையான வலிக்கு டாக்டர் எழுதிக் குடுக்கறது, சீட்டு இல்லாம நாங்க குடுக்கக் கூடாது, எங்க கடையில குடுக்கறதும் இல்ல. ஆனா பசங்களுக்கு எங்கிருந்தோ வந்துடுது. அத போதைக்காக பொடி பண்ணி ஊசியில ஏத்திக்கறாங்க. மாத்திரை வயித்துக்குள்ள போறதுக்குன்னு செஞ்சதுங்க, மருந்தோட டால்க், மாவுன்னு என்னென்னமோ சேர்மானம் இருக்கும், அது கரையாது, ரத்தத்தோட போயி நுரையீரல்ல இருக்கற நுணுக்கமான குழாய்ல அடைச்சுக்கும். கையில சீழ் கட்டி முழுக்கை சட்டையோட மே மாசத்துல வந்து நிக்கற பசங்கள நான் பாத்திருக்கேன்.

போன வருஷம் ஒரு பையன் ராத்திரி கடை மூடற நேரத்துக்கு வந்து, "அண்ணா நாய்க்கு ஊசி போடணும் ஒரு சிரிஞ்சு குடுங்க"ன்னான். எனக்கு தெரியாதா நாய் எது பேய் எதுன்னு. இல்ல போடான்னு திருப்பி அனுப்பிட்டேன், நல்ல காரியம் பண்ணிட்டதா ஒரு நெனப்பு வேற. பின்னால தெரிஞ்சுது, அன்னைக்கு அவனும் கூட்டாளிங்களுமா 3 பேரும் ஒரே பழைய ஊசியில போட்டுக்கிட்டாங்களாம். எச்ஐவியும் மஞ்சள்காமாலை சி-யும் அப்படித்தான் பரவுது, இது எனக்கு பாடத்துலயே சொல்லிக் குடுத்தது, ஆனா அந்த நிமிஷம் புத்தியில ஏறல. நாட்டுல எய்ட்ஸ் தடுப்பு வேலை பாக்கற நேக்கோவே ஊசி போட்டுக்கறவங்களுக்கு புது சிரிஞ்சு இலவசமா குடுக்கற திட்டம் வச்சிருக்கு, போதை ஊசிய விடறதுக்காக நாக்குக்கு அடியில வச்சிக்கற புப்ரினார்பின் மாத்திரைய ஊழியர் கண்ணு முன்னாடியே சாப்பிட வைக்கற சிகிச்சையும் வச்சிருக்கு. கவர்மெண்டே குடுக்கறத நான் குடுத்தா தப்பாயிடுமோன்னு பயப்படறேன் பாருங்க, இதுதான் நெலமை.

அந்த 3 பேர்ல ஒருத்தன் இப்ப இல்ல.

அன்னைக்கு இல்ல, ரெண்டு மூணு மாசம் கழிச்சு. நடுவுல வீட்ல பாத்து ஒரு மறுவாழ்வு மையத்துல சேத்தாங்க, திரும்பி வந்தான், நல்லாத்தான் இருந்தான், மாங்கூழ் பேக்டரிக்கு சீசன் வேலைக்கு கூட போனான். அப்புறம் ஒரு நாள் பழைய பசங்களோட தோப்புக்கு போயிருக்கான், கூடவே சரக்கும் இருந்திருக்கு. கொஞ்ச நாள் விட்டவனுக்கு உடம்புல பழைய தாங்கும் சக்தி இருக்காது, அப்ப பழைய அளவையே போட்டா மூச்சு நின்னுடும், அதுல சாராயமோ தூக்க மாத்திரையோ சேந்தா இன்னும் சீக்கிரம். இத மையத்துலயும் அவனுக்கு சொல்லல, வீட்டுக்காரங்களுக்கும் சொல்லல.

4 நாள் கழிச்சு கூட இருந்தவன் கடைக்கு வந்தான். "அவன் கொறட்டை விட்டானுங்கண்ணா, தூங்கறான்னு நெனச்சோம்"ன்னான். அது கொறட்டை இல்லீங்க, மூச்சு அடைபடற சத்தம். அதுக்கப்புறம் ஒதடு நீலமாயிருக்கு, இவங்க மூஞ்சில தண்ணி அடிச்சிருக்காங்க, எலுமிச்சம்பழம் தேடிப் போயிருக்கான் ஒருத்தன். போன் இல்லையாடான்னு கேட்டேன். "கையிலதாண்ணா இருந்துச்சு, 108 போட்டா போலீஸ் வரும்னு பயந்துட்டோம்."

அதுக்குத்தாங்க இந்த லெட்டர்.

ஜூன் 26 போதை ஒழிப்பு நாள் வந்தா பள்ளிக்கூடத்துல உறுதிமொழி எடுக்கறாங்க, பேரணி போறாங்க, பேனர் புடிச்சு போட்டோ எடுக்கறாங்க. வேணாம்னு சொல்லல, எம் பொண்ணும் போச்சு. ஆனா உறுதிமொழி இன்னும் தொடாத புள்ளைங்களுக்கு. ஏற்கனவே தொட்டவனுக்கு நம்மகிட்ட என்ன இருக்குது? 1985 போதைப்பொருள் சட்டத்துலயே 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு, அடிமையானவன் தானா சிகிச்சைக்கு வந்து அத முடிச்சா சின்ன அளவு கேசுல இருந்து விலக்கு கெடைக்கும். சட்டம் எழுதுனவங்களுக்கே இருந்த எரக்கம் நம்ம ஊர் சுவர்ல எங்கயும் எழுதி வைக்கல.

அதனால எஸ்பி அவர்கள் ஒரே ஒரு வார்த்தை வெளிப்படையா சொல்லணும், உயிருக்கு ஆபத்துன்னு 108 கூப்பிட்டவன் மேலயும் படுத்துக் கெடக்கறவன் மேலயும் பயன்படுத்துனதுக்காக கேஸ் போட மாட்டோம்னு. விக்கறவன புடிங்க, எவ்வளவு வேணா புடிங்க, அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கலெக்டர் அவர்கள் நலாக்சோன் ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் ஆம்புலன்ஸ்லயும் தீராம இருக்கான்னு பாக்கணும். அந்த மருந்து நின்னுபோன மூச்ச திருப்பிக் கொண்டாரும், ஆனா சீக்கிரமே வேகம் கொறைஞ்சுடும், முழிச்சுட்டான்னு வீட்டுக்கு அனுப்பிடக் கூடாது, ஆஸ்பத்திரியில வச்சு பாக்கணும். புது ஊசியும் புப்ரினார்பினும் பக்கத்துல எங்க கெடைக்கும்னு போர்டு போடுங்க, தமிழ்ல மட்டும் போட்டா ஓசூர் சிப்காட் ரூம்ல 8 பேரா தங்கியிருக்கற பசங்களுக்கு என்ன புரியும், கன்னடம், தெலுங்கு, இந்தியிலயும் போடுங்க.

நான் என் கடையில கவுண்டர்கிட்ட ஒரு பேப்பர் ஒட்டியிருக்கேன். எழுப்புனா எழல, கொறட்டை மாதிரி சத்தம், ஒதடு நீலம், கண்ணு பாப்பா குண்டூசி முனையாட்டம் சுருங்கியிருந்தா ஒருக்களிச்சு படுக்க வையி, வாயில எதையும் ஊத்தாத, தனியா விட்டுட்டு ஓடாத, 108 போடு. இவ்வளவுதான் எழுதியிருக்கேன். ஒரு பெரியவர் வந்து, "என்னப்பா போதைக்கு வெளம்பரம் பண்றியா"ன்னு சத்தம் போட்டுட்டு போனாரு, ஓனரும் கிழிச்சுடுன்னு சொல்றாரு. அதுல உங்க ஆபீஸ் சீல் ஒண்ணு மட்டும் வச்சுக் குடுங்க, மத்த கடைக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து நானே ஒட்டிக்கறேன்.