ஸ்பியன் காப் குன்றுக்கு இளைஞர்களைக் கூட்டிச்செல்லும் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வட்டாரத் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும் வணக்கம்.

லேடிஸ்மித் பக்கம் ஆங்கிலேய-போயர் போரின் போர்க்களம் பார்க்கப் பேருந்து ஏற்பாடு செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்பியன் காப் உச்சியில் பிள்ளைகளை நிறுத்தி, காந்தியும் நம் முன்னோரும் இங்கே காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள் என்று சொல்லி, படம் எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு இறக்கிவிடுவதோடு நிறுத்தாதீர்கள். சொல்வது உண்மைதான். ஆனால் அத்தனை பேரைச் சுமக்க நேர்ந்தது ஏன் என்பதையும் அங்கேயே வைத்துச் சொல்லுங்கள். அன்று வீரத்துக்குப் பஞ்சமில்லை. தலைவர் யார் என்பதில்தான் குழப்பம். அந்தப் பிள்ளைகளில் சிலர் நாளை ராணுவத்தில் சேரலாம். மற்றவர்கள் உங்கள் தொண்டர் படையில் தைப்பூசக் கூட்டத்தையும் தீமிதிக் கூட்டத்தையும் கட்டிக் காக்கப்போகிறவர்கள். காந்தியின் படத்தைவிட இந்தப் பாடம்தான் அவர்களுக்கு அதிகம் உதவும் என்பது எங்கள் எண்ணம்.

காயம்பட்டவர்களைச் சுமக்கக் காந்தி திரட்டிய டோலிப் படையின் கதை உங்களுக்குத் தெரியும். ஏறத்தாழ 1,100 பேர்; அதில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமே. ஒரு நாளைக்கு 20 முதல் 25 மைல் வரை டோலியோடு நடந்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார். அவர்கள் சுமந்தவர்களில் பிரிட்டிஷ் ஜெனரல் உட்கேட்டும் ஒருவர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

1899 நவம்பர் தொடக்கத்திலிருந்து போயர்கள், அதாவது டச்சு வழிக் குடியேறிகள், பிரிட்டிஷ் படை இருந்த லேடிஸ்மித்தை முற்றுகையிட்டிருந்தார்கள். துகேலா ஆற்றைக் கடந்து அதை மீட்க வந்தவர் பிரிட்டிஷ் ஜெனரல் புல்லர். டிசம்பர் 15-ல் கொலென்சோவில் அடிபட்டு, 10 பீரங்கிகளைப் பறிகொடுத்தார். அந்த அதிர்ச்சியில், குண்டுகளைச் சுட்டுத் தீர்த்துவிட்டுச் சரணடையும் வழியைப் பார்க்கலாம் என்ற பொருள்பட லேடிஸ்மித்துக்கே சேதி அனுப்பினார். உள்ளே இருந்த படைத்தலைவர் வைட் மறுத்துவிட்டார். அதன் பிறகு புல்லர் முடிவெடுக்கவே தயங்குபவராகிவிட்டார். அடுத்த தாக்குதலின் பொறுப்பை ஜெனரல் வாரனிடம் ஒப்படைத்துவிட்டு மவுண்ட் ஆலிஸ் மேட்டில் நின்று தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். யோசனை சொல்வார், கட்டளை இடமாட்டார். பழியை ஆளாளுக்குப் பங்கு போடுகிறார்கள். பெரும் பங்கு இவருக்கே என்பது எங்கள் தீர்ப்பு.

1900 ஜனவரி 23 இரவு, உட்கேட் தலைமையில் சுமார் 1,700 பேர் மூடுபனியில் குன்றேறினார்கள். காவலுக்கு இருந்த சொற்ப போயர்களை விரட்டிவிட்டார்கள். அதுவரை எல்லாம் சரி. குழி தோண்டக் கையில் இருந்தவை 20 பிக்காசு, 20 மண்வெட்டி. மணல் மூட்டைகள் கீழேயே தங்கிவிட்டன. மேல்மண்ணுக்கு அடியில் பாறை. முழங்கால் உயரத்துக்குக்கூட, அதாவது 40 சென்டிமீட்டருக்கு மேல், குழி இறங்கவில்லை. இருட்டில் உச்சி என்று நினைத்து அவர்கள் தோண்டிய இடமோ நடு மேடு. சரிவு தெரியும் விளிம்பு அங்கிருந்து இன்னும் முன்னால் இருந்தது.

காலை எட்டு மணி வாக்கில் பனி விலகியபோதுதான் இது புரிந்தது. கிழக்கே சில நூறு கெஜத்தில் ஆலோ நோல் என்ற சின்னக் கற்றாழை மேடு. அதில் போயர் துப்பாக்கிகள். அங்கிருந்து பார்த்தால் பதுங்குகுழியின் நீளவாக்கு முழுதும் தெரியும். குழியில் முன்னோக்கிப் படுத்திருந்தவர்களுக்கு வலப்பக்கத்திலிருந்து குண்டு வந்தது. அந்த மேடு அங்கே இருப்பதையே யாரும் முன்கூட்டிப் பார்த்து வைக்கவில்லை. இதைவிடக் கொடுமை ஒன்று: கீழிருந்து பிரிட்டிஷ் கடற்படைப் பீரங்கிகள் ஆலோ நோலைச் சரியாகவே அடித்தபோது, உச்சி முழுவதும் தம் கையில்தான் இருக்கிறது என்று நம்பிய வாரன் சுடுவதை நிறுத்தச் சொன்னார். மேலே போய்ப் பார்த்துவர ஓர் அதிகாரியை அதிகாலையிலேயே அனுப்பியிருந்தால் தீர்ந்திருக்கும்.

சற்று நேரத்தில் உட்கேட் தலையில் அடிபட்டு விழுந்தார். பொறுப்பேற்ற கர்னல் கிராஃப்டன், வெயிலைக் கண்ணாடியில் பிடித்து அனுப்பும் ஹீலியோகிராஃபில் கீழே சேதி அனுப்பச் சொன்னார். 'உடனே ஆளனுப்புங்கள், இல்லையேல் எல்லாம் போயிற்று, ஜெனரல் இறந்துவிட்டார்' என்று சேதி போய்ச் சேர்ந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றார் கிராஃப்டன் பிற்பாடு. வாய்மொழியாகச் சொன்னது, எழுதிய தாள் இல்லை, யார் சொன்னது சரி என்று ஒப்பிட வழியில்லை. இறந்துவிட்டதாகச் சேதி போன அந்த உட்கேட்டைத்தான் நம் ஆட்கள் பிறகு உயிரோடு சுமந்தார்கள். அவர் இறந்தது மார்ச் 23-ல்.

அந்தச் சேதியின் பதற்றத்தைப் பார்த்த புல்லர், மேலே சண்டைக்கு அஞ்சாத ஒருவரை நியமியுங்கள், கர்னல் தார்னிகிராஃப்ட் சரியாக இருப்பார் என்று வாரனுக்கு யோசனை சொன்னார். வாரன் அப்படியே நியமித்தார். நண்பகலை ஒட்டிச் செய்தி தார்னிகிராஃப்டுக்கு வந்தது. ஆனால் கிராஃப்டனுக்கு முறையாகத் தெரியவில்லை. கூடுதல் படையோடு ஏறிவந்த ஜெனரல் கோக்குக்கு யாரும் சொல்லவில்லை. பதவியில் மூத்த தாமே தலைவர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மிடில்செக்ஸ் படையின் கர்னல் ஹில்லும் தம்மைத்தான் தலைவர் என்று எண்ணினார். அந்தச் சின்ன மேட்டில் தலைவராக நான்கு பேர். நியமித்தது தவறல்ல. நியமனத்தை மேலும் கீழும் பக்கத்திலும் அறிவிக்காததுதான் தவறு.

பிற்பகலில் சில வீரர்கள் வெள்ளைத் துணியைத் தூக்கியபோது தார்னிகிராஃப்ட் ஓடிவந்து தடுத்தார். சரணடைய நான் விடமாட்டேன் என்று கத்தினார். பருத்த உடம்புக்காரர். விடியற்காலையிலிருந்து உச்சி வெயிலில், போதிய தண்ணீர் இல்லாமல், எதிரே விழும் பிணங்களைப் பார்த்தபடி நின்றவர். இருட்டும்போது முடிவெடுக்கும் முழுப் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது. மேலே ஹீலியோகிராஃப் குண்டடிபட்டு நொறுங்கியிருந்தது. இரவு வாரன் கோக்கைக் கீழே பேச அழைத்தார். நான் இங்கேயே இருக்கிறேன் என்று விளக்குச் சமிக்ஞையில் பதில் அனுப்ப கோக் முயன்றார். விளக்கில் எண்ணெய் இல்லை. அவர் இறங்கிப் போய்விட்டார். தார்னிகிராஃப்ட் எல்லோரையும் இறங்கச் சொன்னார். அவர்கள் இறங்கும் வழியிலேயே, குழி தோண்டும் ஆட்களும் பீரங்கிகளும் மேலே வந்துகொண்டிருந்தார்கள்.

அதே இரவில் போயர்களும் குன்றைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்து இரட்டைக் குன்றை ஒரு பிரிட்டிஷ் பட்டாலியன் மாலையில் பிடித்திருந்ததால் அவர்கள் அணி கலைந்திருந்தது. அந்த பட்டாலியனையும் திரும்ப அழைத்தவர் புல்லர்தான். போயர் தளபதி லூயி போத்தா குதிரையில் சுற்றித் தம் ஆட்களைக் கெஞ்சியும் திட்டியும் நிறுத்திவைத்தார். விடிந்தபோது குன்று காலி. பிரிட்டிஷ் தரப்பில் 240-க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். காயம்பட்டவரும் பிடிபட்டவரும் ஆயிரத்துக்கும் மேல். போயர் தரப்பில் இறந்தவர் எழுபதுக்கும் குறைவு. இரண்டு பக்கமும் களைத்துக் கலைந்த இரவில், ஒரு பக்கத்தில் ஒரு தலைவர் நிலைமையைக் கண்ணால் பார்த்தபடி இருந்தார். மறுபக்கத்தில் அப்படி யாரும் இல்லை. பிரிட்டிஷ் தலைமைத் தளபதி லார்ட் ராபர்ட்ஸ் தம் அறிக்கையில் தார்னிகிராஃப்டைக் கடுமையாகச் சாடினார். எங்களுக்கு அது பாதி நியாயமாகவே படுகிறது. பகல் முழுதும் தெளிவான சேதி தராமல், இரவில் எடுத்த முடிவுக்காக ஒரே மனிதரைக் குறை சொல்வது எளிது.

இது அந்தக் காலத்துக் கதை என்று யாராவது சொன்னால், இரண்டாம் உலகப் போரில் லிபியாவின் டொப்ருக் துறைமுகத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். 1942 ஜூன் 20 பிற்பகல், எதிரி தலைமையகத்தை நெருங்குகிறான் என்று தென்னாப்பிரிக்க ஜெனரல் க்ளாப்பரின் ஆட்கள் தொலைபேசி இணைப்பகத்தையும் வானொலிக் கருவிகளையும் சங்கேதக் குறிப்புகளையும் அழித்துவிட்டார்கள். பிறகு தலைமையகம் இடம் மாறியது. படைகளோடு பேச வழியில்லை. இரவு முழுக்கப் போரிடலாமா, உடைத்து வெளியேறலாமா என்று மனம் மாறி மாறி, காலையில் சரணடைந்தார்கள். பிடிபட்டவர் சுமார் 33,000 பேர், அவர்களில் 10,000-க்கும் மேல் தென்னாப்பிரிக்கர். மேற்குப் பக்கத்துப் படைகள் பல பெரிதாகச் சண்டையிடவே இல்லை.

இனி, குன்றின் மேல் என்ன செய்யலாம் என்பதற்கு எங்கள் யோசனை. நீளமான பிரசங்கம் வேண்டாம். வெள்ளைக் கற்கள் அடுக்கிய அந்தக் குழிதான் கல்லறை; அதன் ஓரத்தில் சத்தம் போடாமல் நின்று ஆலோ நோலைக் கைகாட்டச் சொல்லுங்கள். அங்கே ஒருவர் நின்று வண்ணத் துணி ஆட்டட்டும். குழியின் எந்தப் பகுதி மறைவாக இருக்கிறது என்று பிள்ளைகளே தேடட்டும். தரையில் ஒரு கோலூன்றிப் பாறை எத்தனை அங்குலத்தில் வருகிறது என்று பார்க்கச் சொல்லாதீர்கள். அது கல்லறைத் தலம், தோண்டக் கூடாது. அளவைச் சொன்னால் போதும்.

அடுத்து, கல்லறையைவிட்டுத் தள்ளிப் போய்ச் சேதிப் பயிற்சி. ஆறு பேரை வரிசையாக இருபது அடிக்கு ஒருவராக நிறுத்துங்கள். முதலாமவரிடம், 'தலைவர் காயம், மூச்சு இருக்கிறது, தெற்குப் பக்கம் இருபது பேர் வேண்டும், தண்ணீர் முதலில்' என்று சொல்லி, ஓடி ஓடிக் கடத்தவிடுங்கள். கடைசியில் என்ன வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் முதலில் தொலைவது மூச்சு இருக்கிறது என்பதும் எண்ணிக்கையும்தான். பிறகு அதே சேதியை ஒரு தாளில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்: மணி, நான் இருக்கும் இடம், கண்ணால் கண்டது, செய்துவிட்டது, வேண்டுவது, கையெழுத்து. கேள்விப்பட்டதைக் கண்டதோடு கலக்காமல் தனி வரியில் எழுத வேண்டும். ஒரு நகல் எழுதியவர் கையிலேயே இருக்கட்டும். வாங்கியவர் திரும்பப் படித்துக் காட்டிய பிறகே சேதி சேர்ந்ததாகக் கணக்கு.

தலைவர் விழுந்தால் யார், அவரும் விழுந்தால் யார் என்று நான்கு பெயர்களைப் பேருந்திலேயே உரக்கப் படித்துவிடுங்கள். நடுவில் ஒருவரை 'விழச்' செய்து, புதியவர் பொறுப்பேற்றதைக் கீழே, பக்கத்தில், மேலே என மூன்று திசைக்கும் சொல்கிறாரா என்று கவனியுங்கள். பெரும்பாலோர் பக்கத்தை மறப்பார்கள். கோக் விஷயத்தில் நடந்ததும் அதுதான்.

பின்வாங்கும் முடிவு எப்போது, யாருடையது என்பதையும் முன்கூட்டி எழுதுங்கள். உங்கள் தொண்டர் படைக்கு இது நேரடியாகப் பொருந்தும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே உடைந்து ஊர் மாதக்கணக்கில் தவித்தது. அந்த மாதிரி இரவில் ஆற்றோரம் நிற்கும் ஒரு குழு, தண்ணீர் இந்தக் கோட்டைத் தொட்டால் கிளம்புகிறோம், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம் என்று பகலிலேயே தீர்மானித்திருக்க வேண்டும். களைத்த மனிதர் இரவில் யோசித்து முடிவெடுப்பதைவிட, பகலில் தெளிந்த தலையோடு எடுத்த முடிவை அவர் நிறைவேற்றுவது சுலபம். பொறுப்பாளரை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அவர் நன்றாக இருக்கிறேன் என்றாலும் மாற்றுங்கள்.

சமிக்ஞை எளிதாக இருக்கட்டும். லேடிஸ்மித் முற்றுகையில் பிரபு சிங் என்ற ஒப்பந்தக் கூலியின் வேலை, உம்புல்வானா மலையிலிருந்து போயர் பீரங்கி சுட்டதும் மணி அடிப்பது. ஒரே மணி, ஒரே பொருள்: ஒளிந்துகொள். ஊரே அதை நம்பியது. உங்கள் வாக்கி-டாக்கி பேட்டரியும் விளக்கும் இன்று ஓடுகிறதா என்று கிளம்பும் முன் ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். அவை கைவிடும் நேரத்துக்கு, ஓடிப்போய்ச் சேதி சொல்லும் ஒருவரைப் பெயரிட்டு வையுங்கள்.

கடைசியாக நாள் பற்றி. டர்பனிலிருந்து என்-3 சாலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஜனவரியில் நிழலில்லாத உச்சி. மூடுபனியும் மழையும் மின்னலும் சகஜம். குழந்தைகளோடு போவதானால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்லது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, ஆறு பேருக்கு ஒரு பொறுப்பாளர். தாள், பென்சில், வண்ணத் துணி ஆகியவற்றை யார் கொண்டுவருவது என்று இப்போதே பெயர் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
நேட்டால் போர்க்களங்களைப் படித்துவரும் சிலர்