கிணற்றடி மாதுளை

மதுரை,
ஆனி 12

அன்புள்ள மாப்ள,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

ஒரு சந்தோஷமான சேதி. உங்கள் ஊர் வீட்டுக் கிணற்றடி மாதுளை என் மொட்டைமாடியில் வேர் பிடித்துவிட்டது! வீட்டை விற்ற பத்திரம் முடிவதற்கு முன்னால், பங்குனிக் கடைசியில் போய்ப் பென்சில் கனத்தில் பத்துக் குச்சி வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். வெயில் காலத்தில் போத்து, அதாவது வெட்டிய குச்சி, நட்டால் கருகிவிடும், மழை வரட்டும் என்றார்கள். மழை வரும்வரை மரம் நிற்குமா என்பதுதான் என் பயம்.

ஒரு சாண் நீளம். கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, நுனியில் இரண்டு இலை விட்டு, அதையும் பாதியாக நறுக்கினேன். வேர் இல்லாத குச்சி உறிஞ்சும் தண்ணீர் கொஞ்சம்தான், இலை வெளியே விடுவது அதிகம். மணலும் தென்னைநார்த் தூளும் கலந்த பைகளில் இரண்டு கணு புதையும்படி நட்டேன். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி ஒவ்வொன்றின் மேலும் கவிழ்த்து, தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் துளிர் விட்டது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பிழைத்துவிட்டது என்று நம்பி ஏழு குச்சிகளுக்கு பாட்டிலை எடுத்து வெயிலில் வைத்தேன். ஒரே வாரத்தில் ஏழும் வாடின. பிடுங்கிப் பார்த்தால் வேரே இல்லை. குச்சியில் சேர்ந்திருந்த மாவுச்சத்தை வைத்தே துளிர்த்திருக்கிறது. மீதி மூன்றையும் தொடவே இல்லை. ஏழாம் வாரம் பை ஓரத்தில் வெள்ளை வேர் தெரிந்தது.

அத்திக் குச்சியும் இரண்டு வைத்திருக்கிறேன், வெட்டிய இடத்தில் வடியும் பாலைக் கழுவிவிட்டு. நீ கேட்ட மாமரத்துக்கு இந்த வழி சரிப்படாது, ஒட்டுக்கன்றே வாங்கு.

இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. போன வாரம் உங்கள் ஊர்ப்பக்கம் போயிருந்தேன். கிணற்றை மூடிவிட்டார்கள். மாதுளையும் இல்லை. அம்மாவிடம் அதைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல். விதை போட்டு முளைத்தது வேறு மரம், பழம் புளிக்குமோ இனிக்குமோ தெரியாது. இது அப்படியில்லை. நம் பரீட்சை நாட்களில் அம்மா உரித்துக் கொடுத்தாரே, அதே மரம்தான்.

ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒன்றைக் கோவைக்கு எடுத்து வருகிறேன். உன் பால்கனியில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று பார்த்து எழுது. பெரிய தொட்டியாக வாங்கி வை.

அன்புடன்,
உன் மாப்ள