ரௌட்டருக்கு எவ்வளவு பூட்டு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டில் வைஃபை தரும் பெட்டியான ரௌட்டரின் மென்பொருளில் வாங்கியவர் கைவைக்கவே முடியாதபடி கம்பெனியே பூட்டி அனுப்ப வேண்டும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மாற்றினால் அதன் ரேடியோ அலை எல்லை மீறி மற்றவற்றைக் கெடுக்கும் என்ற அவர் பயத்தில் நியாயம் உண்டு. 2009-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய வானிலை ரேடாரில், 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் வயர்லெஸ் கருவிகள் குறுக்கிட்டன. நம் பக்கம் திருவனந்தபுரம் தும்பாவில் உள்ள வானிலை ரேடாரும் அந்த 5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய சி பேண்ட் அலைவரிசையில் ஓடுவதுதான். ஆடி மழையில் மண்சரிவுக்குப் பயந்து விழித்திருக்கும் இடுக்கிக்காரர்கள் யாரும் அதைக் கெடுக்க நினைக்க மாட்டோம்.

சரி, அதற்காகப் பெட்டி முழுவதையுமா பூட்டுவது? எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு வீட்டுக்கு இணைப்பு வந்தால் நாலு வீட்டுப் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள். பழைய ரௌட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளை ஏற்றி, கடைசி வீட்டு ஜன்னலில் வைத்து, சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டராக ஓட்டுகிறோம். கம்பெனி அதற்கு அப்டேட் கொடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. பாதுகாப்பு ஓட்டைகளை இன்று அடைப்பது இந்த இலவச மென்பொருள்தான். பூட்டியிருந்தால் பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும்.

பவர் வரம்பு நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், ரௌட்டர் அமைப்பில் நாட்டின் பெயரை மாற்றிவைத்துப் பவரைக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அதில் பிரயோசனமும் கிடையாது. போனில் சிக்னல் முழுசாகக் காட்டும், பக்கம் மட்டும் திறக்காது. ரௌட்டர் போடும் சத்தம் போனுக்குக் கேட்கிறது. போனின் முணுமுணுப்பு தேயிலைச் சரிவைத் தாண்டி ரௌட்டருக்கு வருவதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு உரிமம் வேண்டாம் என்று 2005-இல் இந்திய அரசு சொன்னபோதே பவருக்கு வரம்பும் வைத்தது. மீறுகிறவரைப் பிடிக்கட்டும்.

இதில் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. நாட்டு அமைப்பை மாற்றினால் அனுமதித்ததைவிட அதிகப் பவரில் ரௌட்டர் ஓடும்படி விட்டதற்காக, டிபி-லிங்க் என்ற ரௌட்டர் கம்பெனி 2016-இல் 2 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. அதே உடன்பாட்டில், வெளியார் மென்பொருளை ஏற்ற வழிசெய்யவும் அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. ரேடியோ பகுதியைத் தனியாக மூடி மற்றதைத் திறந்துவிட முடியும் என்பதால்தானே?

நம் தொலைத்தொடர்புத் துறையும் விதி எழுதினால் அப்படியே எழுதட்டும்: பவரும் சேனலும் ரேடியோ சிப்போடு பூட்டில் இருக்கட்டும், மற்றது வாங்கியவர் பாடு. அப்புறம், அப்டேட் எந்த வருஷம் வரை வரும் என்பதை அட்டைப்பெட்டியில் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடச் சொன்னால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்