உதவியாளர் வேலை வீண் அல்ல

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் செவிலியர் வேலைகள் குறித்து ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, நர்சிங் உதவியாளர் வேலையில் காலத்தைக் கழிக்காமல் நேராக எல்பிஎன் (உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியர்) படிப்பில் சேரச் சொல்கிறது. சம்பளத்தை மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால் எல்பிஎன் படிப்புக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆகும். கட்டணம் கட்ட வேண்டும், அப்புறம் உரிமம் பெற என்கிளெக்ஸ்-பிஎன் தேர்வும் உண்டு. உதவியாளர் பயிற்சிக்கு மத்திய சட்டம் கேட்பதோ குறைந்தது 75 மணி நேரம்தான். சில மாநிலங்களில் கூடுதல். மெடிகேர், மெடிக்கெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் பணம் பெறும் முதியோர் இல்லம் ஒன்று வேலைக்கு எடுத்துக்கொண்டால், அந்தப் பயிற்சிக்குக் கட்டணம் வாங்கவே கூடாது. இதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை. கடன் வாங்கிச் சேருமுன், இந்தத் தொழில் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க உதவியாளர் வேலையைவிட நல்ல வழி கிடையாது.

நான் உதவியாளராக இருந்துவிட்டுத்தான் எல்பிஎன் ஆனேன். படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டும்போது இடுப்புப் பக்கம் தோல் சிவந்திருக்கும்; விரலால் அழுத்தி எடுத்தும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று பொருள். வகுப்பில் இதைச் சொல்லித் தருமுன்பே என் கைக்கு அது பழகியிருந்தது. உடன் படித்த சிலரோ, முதன்முதலாக நோயாளிக்கு மலம் துடைக்க நேர்ந்த வாரத்திலேயே படிப்பை விட்டார்கள். கட்டிய பணமும் போயிற்று. சமுதாயக் கல்லூரிகள் எல்பிஎன் வகுப்புகளை மாலையிலும் வார இறுதியிலும் கூடுதலாக நடத்த வேண்டும். உதவியாளர்கள் வேலையை விடாமலே படித்து மேலே வர அது உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி