சித்தப்பாவை மடையன் என்று சொல்லாதே, மகள்

அன்புள்ள மகளுக்கு,

போன கிழமை குடும்ப வட்சப் குழுவில் நீயும் சித்தப்பாவும் பிரெக்ஸிட்டைப் பற்றி மாறி மாறி எழுதியதை எல்லாம் வாசித்தேன். நான் அதற்குள் வாய் கொடுக்கவில்லை. அங்கே எதைச் சொன்னாலும் ஐந்து நிமிஷத்தில் கனடா மாமி ஒரு பிள்ளையார் படத்தைப் போட்டு எல்லாவற்றையும் மேலே தள்ளிவிடுவா, ஆனபடியால் தனியாக எழுதுகிறேன். நீ சொன்னதில் பெரும்பகுதி சரி. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனது பிழை என்றுதான் நானும் நினைக்கிறேன், 2016 இலும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த வருஷ வாக்கெடுப்பில் வெளியேறச் சொல்லி வாக்குப் போட்ட ஒரு கோடியே 74 இலட்சம் பேரும் ஒன்றில் இனவாதிகள், இல்லையென்றால் மடையர்கள் என்று எழுதினாயே, அதுவும் சித்தப்பா வாசிக்கிற இடத்தில், அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

அவர் ஏன் அப்படிப் போட்டார் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. அந்த நேரம் நீ ஏ லெவல் படித்துக்கொண்டிருந்தாய், சித்தப்பாவின் சாப்பாட்டுக்கடைப் பக்கம் வருவது குறைவு. அவருக்குக் கொத்துரொட்டி போட ஒரு நல்ல ஆள் தேவைப்பட்டது. ஊரில் ஆள் இருந்தது, கெட்டிக்காரன், வரவும் தயார். ஆனால் அந்த நாளில் ஒரு சமையல்காரரை ஐரோப்பாவுக்கு வெளியில் இருந்து கூப்பிடுவதென்றால் வருஷத்துக்கு 29,570 பவுண்ஸ் சம்பளம் காட்ட வேண்டும், ஐந்து வருஷ அனுபவத்துக்குக் கடிதம் வேண்டும், இதெல்லாம் சரிவந்தாலும் பார்சல் கட்டிக் கொடுக்கிற கடை என்றால் விசாவே கிடையாது. பார்சல் கொடுக்காத தமிழ்ச் சாப்பாட்டுக்கடை ஒன்றை லண்டனில் காட்டு பார்ப்போம்! அதே நேரத்தில் ருமேனியாவில் இருந்து ஒரு பொடியன் காலையில் லூட்டன் விமான நிலையத்தில் இறங்கிப் பின்னேரம் வேலை தொடங்கலாம். அவனில் ஒரு குற்றமும் இல்லை, நல்ல பொடியன், ஆனால் கொத்துரொட்டி என்றால் என்னவென்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவே ஒரு மாதம் போய்விட்டது.

அப்புறம் சித்தியின் தம்பியின் கதை. ஊரில் கலியாணம் கட்டிவிட்டு வந்தவர், மனைவியைக் கூப்பிட வருஷ வருமானம் 18,600 பவுண்ஸ் காட்டச் சொன்னார்கள், 2012 இல் வந்த சட்டம். அவர் பிரித்தானியக் குடிமகன். ஆனால் ஒல்லாந்துப் (நெதர்லாந்து) பாஸ்போட்டோ பிரெஞ்சுப் பாஸ்போட்டோ வைத்திருக்கிற ஒருவர் இங்கே வேலை செய்துகொண்டு, அந்தத் தொகையைக் காட்டாமலே மனைவியைக் கூட்டி வரலாம். சித்தப்பா இதையெல்லாம் என்னைப் பார்த்துத்தான் சொல்லுவார், ஏனென்றால் நானும் அந்த ஒல்லாந்துப் பாஸ்போட்டில் வந்தவன்தானே. "நீங்கள் பின்கதவால் வந்து முன்னால் நிற்கிறீர்கள் அண்ணை, நாங்கள் முன்கதவால் வந்து வெளியில் நிற்கிறோம்" என்பார். அந்தக் கோபம் எனக்கு விளங்கியது. அப்போது வேலைவாய்ப்பு அமைச்சராக இருந்த பிரீத்தி பட்டேல், ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தால் தெற்காசியாவில் இருந்து சமையல்காரரைக் கூப்பிடலாம், கறிக்கடைகள் பிழைக்கும் என்று சொல்லித் திரிந்தார். சித்தப்பா நம்பினார். அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நீயும் நம்பியிருப்பாய்.

சரி, அவர் எதில் பிழை விட்டார் என்று நான் நினைக்கிறேன் என்றால், கோபத்தில் இல்லை, விலாசத்தில். அந்த 29,570 ஐ எழுதியது ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கிற பிரசல்ஸ் இல்லை, லண்டன். 18,600 உம் லண்டன்தான், தெரேசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது. வெளிநாட்டுச் சமையல்காரருக்கு விசா கொடுக்காதே என்று ஐரோப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. போலந்துக்காரர் வந்ததுகூட, 2004 இல் பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது அதில் எட்டு நாடுகளின் தொழிலாளரை ஏழு வருஷம் வரைக்கும் தடுத்து வைக்கலாம் என்று விதி இருந்தது, ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் 2011 வரைக்கும் தடுத்தே வைத்திருந்தன. பிரித்தானியா முதல் நாளே திறந்தது, அயர்லாந்தும் சுவீடனும் தவிர வேறு யாரும் அப்படிச் செய்யவில்லை. வருஷத்துக்கு 5,000 இல் இருந்து 13,000 பேர்தான் வருவார்கள் என்று கணக்குப் போட்டவர்களும் லண்டனில் இருந்தவர்கள்தான். வந்த கூட்டத்துக்கு ஏற்ற மாதிரி பள்ளிக்கூடமும் டொக்டரும் வீடும் கட்டாமல் விட்டதும் அவர்களே. தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரனில் வழக்குப் போட்ட கதைதான் இது.

இப்படிச் சொன்னவுடன் ஐரோப்பா ஒரு பிழையும் செய்யாத தங்கம் என்று நினைத்துவிடாதே. 2014 மே மாதம் இந்திய மாம்பழத்தையும் கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கையும் ஒன்றியம் தடை செய்ததே, பழ ஈ இருக்கிறது என்று. அன்று விடிய நான் சித்தப்பாவோடு சௌத்தோலில் உள்ள மொத்தச் சந்தைக்குப் போயிருந்தேன். வழக்கமாகப் பச்சைப் பெட்டிகள் கூரை முட்ட நிற்கிற இடத்தில் வெறும் பலகைத் தட்டுகள், ஒரு குஜராத்தி வியாபாரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார், அல்போன்சோ பருவம் உச்சத்தில் இருந்த நேரம் அது. புடலங்காய் தின்னுகிறவன் லண்டனில் இருக்கிறான், அதை நிற்பாட்டுகிற கையெழுத்து எங்கேயோ பிரசல்ஸில் விழுகிறது என்று சித்தப்பா அன்று சொன்னது நியாயமான பேச்சு. (பிறகு பார்த்தால், இங்கே தக்காளி, வெள்ளரி பயிர் செய்கிறவர்களுக்காக லண்டன் அமைச்சும் அந்தத் தடையை ஆதரித்ததுதான். அதை நான் அவருக்குச் சொல்லியும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.) மாம்பழத் தடை 2015 தொடக்கத்தில் போய்விட்டது. அதே 2015 இல் இலங்கை மீனுக்கும் தடை வந்தது, சட்டத்தை மீறிப் பிடிக்கிறார்கள் என்று, அது 2016 நடுப்பகுதியில்தான் எடுபட்டது.

அந்த மீன் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் இன்றைக்கும் ஒத்துவராது. அவர் அதைக் கடைக்காரராகப் பார்க்கிறார். நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். ஒன்றியம் பெரிய சந்தை, அது வாங்க மாட்டேன் என்றால் கொழும்பில் ஆட்கள் நித்திரையால் எழும்புவார்கள். மீனுக்கும் அப்படித்தான், படகுகளுக்குக் கண்காணிப்பு வந்தது. மனித உரிமை ஒப்பந்தங்களை இலங்கை நிறைவேற்றவில்லை என்று 2010 இல், அங்கேயிருந்து வரும் சாமான்களுக்கு வரி குறைக்கிற ஜிஎஸ்பி பிளஸ் சலுகையை நிறுத்தினார்கள், 2017 இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அதால் ஊரில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன், மாறவில்லை. ஆனால் தனியொரு நாடு கேட்பதற்கும் 28 நாடு சேர்ந்து கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். அந்த மேசையில் லண்டன் இருந்தபோது எங்களுடைய ஆட்கள் லண்டனில் எங்கள் பகுதியான ஹரோவின் எம்பியிடம் போய்க் கதைத்தால் அது பிரசல்ஸ் வரைக்கும் போக ஒரு வழி இருந்தது. இப்போது அந்த வழி இல்லை.

வாக்குப் போட்ட நாளை நினைத்தால் எனக்கு இன்னும் ஒரு சிரிப்பு வரும், கொஞ்சம் எரிச்சலும்தான். 2016 யூன் 23, நல்ல மழை. கடையில் பகுதிநேரம் நின்ற பொடியன் ஒருவன், மாணவ விசாவில் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இலங்கைப் பாஸ்போட், பொதுநலவாய நாட்டுக்காரன் என்ற படியால் அவனுக்கு வாக்கு இருந்தது. போய்ப் போட்டுவிட்டும் வந்தான். உன்னைச் சின்னப் பிள்ளையாகக் கூட்டி வந்து இங்கேயே வரி கட்டிக்கொண்டிருந்த எனக்கும் அம்மாவுக்கும் இல்லை. ஐரோப்பியரில் ஐரிஷ், மோல்டா, சைப்பிரஸ் ஆட்களுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். எங்களைப் பற்றிய கேள்வியில் எங்களுக்கு மட்டும் வாய் இல்லை. ஹரோவில் 54.6 வீதம் இருக்கச் சொன்னது, நாடு 51.9 வீதம் போகச் சொன்னது.

வெளியேறச் சொன்னவர்கள் பஸ்ஸில் எழுதிய, ஒன்றியத்துக்குக் கிழமைக்கு 350 மில்லியன் பவுண்ஸ் கட்டுகிறோம் என்ற கதையை நீ நன்றாகவே சித்தப்பாவுக்கு எழுதிவிட்டாய், பிரதமராக இருந்த தட்சரம்மா 1984 இல் அந்தக் கட்டணத்தில் வாங்கிய தள்ளுபடியைக் கழிக்காத கணக்கு அது என்று. விடு, அந்தப் பஸ்ஸைப் பார்த்து அவர் வாக்குப் போடவில்லை.

அவர் இப்போது சொல்லுவது, "வெளியேறினது சரி, வெளியேறின விதம்தான் பிழை" என்று. நீ அதைச் சாட்டு என்றாய். அதில் ஒரு உண்மை இருக்கிறது, மகள். வாக்குச்சீட்டில் இருப்பதா போவதா என்று மட்டும்தான் கேட்டார்கள், போனால் எங்கே போவது என்று கேட்கவில்லை. நோர்வே மாதிரி சந்தைக்குள் நிற்கலாம், துருக்கி மாதிரி சுங்கத்தில் மட்டும் சேர்ந்திருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். இதைத் தீர்க்க முடியாமல்தான் பிறகு பிரதமரான மேயம்மாவின் ஒப்பந்தம் பாராளுமன்றத்தில் மூன்று தரம் தோற்றது, வட அயர்லாந்து எல்லை எல்லோருடைய தொண்டையிலும் சிக்கியது. கடைசியில் அவவுக்குப் பிறகு பிரதமரான ஜோன்சன் சந்தையையும் விட்டு, சுங்கத்தையும் விட்டு முழுசாக இழுத்துக்கொண்டு போனார்.

2021 தையில் ஒல்லாந்துத் துறைமுகமான ஹூக் ஒஃப் ஹொலண்டில் ஒரு லொறிச் சாரதியின் ஹாம் சாண்ட்விச்சைப் பறித்துக்கொண்டு, "பிரெக்ஸிட்டுக்கு நல்வரவு ஐயா, மன்னிக்கவும்" என்று சுங்கக்காரர் சொன்னதை ஒல்லாந்துத் தொலைக்காட்சியில் காட்டினார்களே, அம்மா அதைப் பார்த்த அன்றே ஒல்லாந்துக்கு உனக்குக் கொண்டுவர என்று பொரித்து வைத்த மட்டன் ரோல்ஸை பிரீசருக்குள் வைத்தவ. நெய்யும் கொண்டுவரக் கூடாது, பால் சாமான். அன்றில் இருந்து உனக்கு வருவது மிளகாய்த்தூள் மட்டும்தான்.

சித்தப்பாவின் சமையல்காரர் என்ன ஆனார் என்று கேள். புது விசா முறை 2021 இல் வந்தபோது வழி கொஞ்சம் திறந்தது, உண்மை. இறைச்சிக்கடை, வயோதிபர் இல்லம் என்று இந்தியாவில் இருந்தும் நைஜீரியாவில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள், எல்லா வழியாலும் வந்தவர்களைச் சேர்த்து, போனவர்களைக் கழித்தால் ஒரு வருஷத்தில் ஒன்பது இலட்சத்துக்கு மேல். குடிவரவைக் குறைக்க என்று போட்ட வாக்கு! பிறகு அரசாங்கம் பயந்து 2024 இல் வேலை விசாவுக்குக் காட்ட வேண்டிய சம்பளத்தை 38,700 பவுண்ஸுக்கு ஏற்றியது, மனைவியைக் கூப்பிட 18,600 ஐ 29,000 ஆக்கியது, 2025 இல் பட்டதாரி வேலைகளுக்கு மட்டும் என்று வைத்துச் சமையல்காரரைப் பட்டியலில் இருந்து முழுதாகவே எடுத்துவிட்டது. இதில் ஒரு வரியைக்கூட பிரசல்ஸ் எழுதவில்லை. இதைத்தான் நீ அவருக்கு எழுதியிருக்க வேண்டும், மடையன் என்று இல்லை. கேட்டால் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார், பிறகு வேறு கதை தொடங்குவார். அவ்வளவு போதும்.

நாளைக்கே திரும்பச் சேர வேண்டும் என்று நீ எழுதியதையும் யோசித்துப் பார். ஒல்லாந்தில் நீ இருக்கிற ஐந்தோவனில் இருந்து பார்க்க லேசாகத்தான் தெரியும், நீ அந்தப் பாஸ்போட்டோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய், உன்னோடு படித்த பிள்ளைகள் வேலை அனுமதிக்கு நிற்கிறார்கள். ஆனால் முந்திய பிரித்தானியாவுக்குத் தள்ளுபடி இருந்தது, யூரோக் காசு வேண்டாம், எல்லையில் பாஸ்போட் சோதனை இல்லாத ஷெங்கன் வேண்டாம் என்று சொல்ல அனுமதி இருந்தது. திரும்பப் போனால் அதெல்லாம் கிடைக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை, 27 நாடும் சம்மதிக்கவும் வேண்டும். என்னைக் கேட்டால் முதலில் சாப்பாட்டுச் சாமான் சோதனையை எடுப்பது, 2025 மே மாதம் அதற்குப் பேச இணங்கி, பதிலுக்குப் பிரித்தானியக் கடலில் மீன்பிடியை 2038 வரைக்கும் விட்டுக்கொடுத்தார்கள், பிறகு சுங்கம், பிறகு சந்தை. சந்தை வேண்டும் என்றால் ஆட்களும் வருவார்கள் என்பதை இந்த முறையாவது சனத்துக்கு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.

அப்படி ஒரு வாக்கு வந்தால் எனக்கு இந்த முறையும் இல்லை. செட்டில்ட் ஸ்டேட்டஸ் என்கிற நிரந்தர வதிவிட அனுமதி இருக்கிறது, இங்கே வசிக்கலாம், வேலை செய்யலாம், வாக்குக்குப் பிரஜாவுரிமை வேண்டும். அதற்கு 1,500 பவுண்ஸுக்கு மேலே கட்டணம், இந்த நாட்டுச் சரித்திரப் பரீட்சை, அது பரவாயில்லை, படித்துவிடுவேன். ஆனால் நானாக விரும்பி இதை எடுத்தால் ஒல்லாந்து தன் பாஸ்போட்டைத் திருப்பி எடுத்துவிடும், அகதியாக வந்தவனுக்கு முதல் முதல் ஒரு நாடு கொடுத்தது அது. அம்மா எடுக்கச் சொல்லுகிறா, எனக்கு மனம் இல்லை. அங்கே மாநகரசபையில் ஒருக்கால் விசாரித்து, விதிவிலக்கு ஏதும் இருக்கிறதோ என்று கேட்டு எழுது.

அன்புடன்
அப்பா