அரக்கோணத்து விமானமும் உன் மில்லிங் மெஷினும்

காட்பாடி,
வைகாசி 14

அன்புள்ள மூர்த்தி,

நலம். அங்கே எல்லோரும் சௌக்கியம் என்று நம் சிநேகிதன் ஜாம் டப்பா சொன்னான். பேத்தியின் காதுகுத்துக்கு நாங்கள் வர முடியாததைப் பற்றி என் வீட்டுக்காரி உன் வீட்டுக்காரியிடம் போனில் பேசிவிட்டாள். அந்தக் கணக்கு அதோடு முடிந்தது. இங்கே வெய்யில் கொளுத்துகிறது. மாடி ஷெட்டில் காலை பத்து மணிக்கு மேல் நிற்க முடியவில்லை, அதனால் விடிவதற்கு முன்னாலேயே லேத்தைப் போட்டுவிடுகிறேன்.

டப்பா சொன்ன இன்னொரு செய்திக்காகத்தான் இந்தக் கடிதம். மில்லிங் மெஷினை விற்றுவிட்டாயாமே? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஃப்ளாட்டில் இடம் இல்லை, மகன் வீட்டில் சத்தம் ஆகாது, கண்ணும் முன்போல் இல்லை, இனி யாருக்காகச் செய்யப் போகிறேன் என்றெல்லாம் நீ சொன்னதாகச் சொன்னான். முதல் மூன்றும் நியாயம். நான்காவதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. நாம் எப்போதடா யாருக்காகவாவது செய்தோம்? ஐ.டி.ஐ.யில் அந்தச் சதுரத் துண்டை மறுபடி மறுபடி ராவிக்கொண்டிருந்தாயே, அது யாருக்காக?

ஆனால் டப்பா கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு, “இன்டெக்ஸிங் ஹெட்டை மட்டும் கொடுக்கலை, துணியில சுத்தி பீரோவுக்கு அடியில வச்சிருக்கான்” என்றான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. வட்டத்தைச் சம பங்காகத் திருப்பிப் பல் வெட்ட வைக்கும் அந்த ஹெட்டைக் கையை விட்டுப் போகவிடாத ஆள் வேலையை விட்டவன் இல்லை. இனி நான் எழுதப்போவது எல்லாம் அந்த ஹெட்டை வெளியே எடுக்க வைப்பதற்காகத்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது என் மேசையில் இருப்பது டியு-142 மாடல், நம் கடற்படையிடம் இருந்த அந்தப் பெரிய ரஷ்ய ரோந்து விமானம். உனக்கு விளக்க வேண்டியதில்லை. அரக்கோணம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன் தலைக்கு மேல் அது எத்தனை தரம் போயிருக்கும்! கோவாவிலிருந்து 1992-இல் அரக்கோணத்து ராஜாளி கடற்படைத் தளத்துக்கு வந்தது, 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றது. மொத்தமே எட்டு விமானம். ஆனாலும் அந்த இருபத்தைந்து வருடம் நம் பக்கத்து வானம் அதனுடையதுதான். ராணிப்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதுகூட நீ பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பாய். இப்போது அதற்குப் பதிலாக வந்த பி-8ஐ போகிறது. நல்ல விமானம். ஆனால் ஜெட் சத்தத்தை எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம். நான்கு இன்ஜின், எட்டு புரொப்பல்லர் சேர்ந்து போட்ட அந்த உறுமல் காதில் கேட்பதற்கு முன்பே நெஞ்சில் கேட்கும்.

ஒன்று விசாகப்பட்டினத்தில் கடற்கரைச் சாலையில் மியூசியமாக நிற்கிறது, நீர்மூழ்கிக் கப்பலுக்கு எதிரே. 2017 டிசம்பரில் திறந்தார்கள். மகளைப் பார்க்கப் போனபோது ஒரு முழு நாள் அதன் அடியிலேயே இருந்தேன். மாப்பிள்ளையை புரொப்பல்லருக்குப் பக்கத்தில் நிற்க வைத்து நேர் எதிரிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுத்தேன். அவருடைய உயரம் தெரியும், மீதி எல்லாம் விகிதக் கணக்கு. பொறுமையான பிள்ளை, வெய்யிலில் நின்றார்.

ஸ்கேல் 1/72. ஆறடி ஆள் ஒரு அங்குலம். இறக்கை 50 மீட்டர், நம்முடையதில் 69 சென்டிமீட்டர். புரொப்பல்லர் விட்டம் 5.6 மீட்டர், நமக்கு 78 மில்லிமீட்டர். இந்தக் கணக்கில் 0.1 மி.மீ. தப்பினால் உண்மை விமானத்தில் 7 மி.மீ.க்கு மேல் தப்பினதாக அர்த்தம். உடம்பும் இறக்கையும் மரத்தில் முடிந்துவிட்டன. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு ஆசையெல்லாம் அந்த புரொப்பல்லர்கள் மேல்தான்.

ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு பிளேடு, இரண்டும் எதிரெதிர் திசையில் சுற்றும். முன்னது காற்றை முறுக்கி வீணாக்குவதைப் பின்னது நேராக்கி வாங்கிக்கொள்ளும். விமானத்தை ஒரு பக்கம் இழுக்கும் முறுக்கும் அடிபட்டுப் போகும். பதினைந்தாயிரம் குதிரைத்திறனை புரொப்பல்லருக்குக் கொடுக்க அவர்களுக்கு வேறு வழி இல்லை. புரொப்பல்லர் சுற்றுவது நிமிடத்துக்குச் சுமார் 750 சுற்றுதான் என்றால் நம்புவாயா? அந்தச் சத்தத்துக்கு!

இங்கே உனக்குப் பிடிக்கும் ஒரு சேதி. இந்த என்.கே.-12 இன்ஜினை உருவாக்கிய வேலையில், போருக்குப் பிறகு சோவியத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியப் பொறியாளருக்குப் பெரிய பங்கு. அதே ஆள் பிறகு எகிப்துக்குப் போய் இ-300 என்ற ஜெட் இன்ஜினைச் செய்தார். அதை எதில் பொருத்திப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள் தெரியுமா? நம் நாட்டில் செய்த எச்.ஏ.எல். மாருத் போர் விமானத்தில். 1960-களில் ஒரு மாருத்தை இங்கிருந்து எகிப்துக்கு அனுப்பினார்கள். நீ மாருத் பைத்தியம், நான் அரக்கோணத்துப் பைத்தியம், இரண்டு பேருக்கும் ஒரே ஆள்.

சரி, வேலைக்கு வருகிறேன். முன் புரொப்பல்லரை விரலால் தள்ளினால் பின்னது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். மோட்டார் வேண்டாம், விரல் போதும். உள்ளே 2 மி.மீ. சில்வர் ஸ்டீல் ஷாஃப்ட், அதன் மேல் 3 மி.மீ. பித்தளைக் குழாய். உள் ஷாஃப்டின் பின் நுனியில் ஒரு பெவல் கியர் (பல் சாய்வாக இருப்பது), குழாயின் பின் நுனியில் இன்னொன்று, இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்தபடி. நடுவில் நாசெல் (இன்ஜின் கூடு) சுவரில் ஒரு சிறு அச்சில் சும்மா சுற்றும் மூன்றாவது கியர். கார் டிஃபரன்ஷியலில் இருப்பது போலத்தான். நாசெல் வெளி விட்டம் 18 மி.மீ., அதற்குள் இவ்வளவும் அடங்க வேண்டும்.

குழாய்க்கு 25 மி.மீ. ஆழத்துக்கு 2 மி.மீ. துளை. சாதாரண டிரில் பாதி வழியில் ஓரமாக ஓடிவிடும் என்று உனக்குத் தெரியும். சில்வர் ஸ்டீலிலேயே டி-பிட் (நுனியைப் பாதி வட்டமாக ராவின துளைக்கருவி) செய்து, கடினப்படுத்தி, முகத்தை ஆயில் ஸ்டோனில் தீட்டி ஓட்டினேன். துளை கண்ணாடி மாதிரி வந்தது. ஷாஃப்டை உள்ளே விட்டு, கீழ் வாயை விரலால் மூடினால் காற்று பிடித்து ஷாஃப்ட் நிற்கிறது. விரலை எடுத்தால் மெதுவாக இறங்குகிறது. அந்த இறக்கத்தை நீ பார்க்க வேண்டும்.

அடுத்தது ஸ்பின்னர், அந்த முன்மூக்கு. அடியில் 14 மி.மீ., சுவர் அரை மில்லிமீட்டர் கனம், உள்ளே குடைவு. வெட்டுவது பிரச்சினையே இல்லை. பித்தளைக்கு முகத்தில் சாய்வே இல்லாமல் டூலைத் தீட்டினால் அது கவ்விக்கொண்டு இழுக்காது, சுகமாக வெட்டும். பிரச்சினை எல்லாம் பிடிப்பதில். லேத்தின் சக்கில் பிடித்தால் அதன் மூன்று தாடையும் மூன்று பள்ளம் போடும். சுற்றிக் கவ்வும் காலட்டில் பிடித்தால் வளைவான பக்கத்தைத் தொட முடியாது. சின்ன வேலையில் பாதி நேரம் எப்படிப் பிடிப்பது என்று யோசிப்பதிலேயே போகிறது. நீ இதை முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

இதற்கு வழி சொன்னது எங்கள் தெரு ஆசாரி. அவர் நகையைப் பிடிப்பது அரக்கில். நான் ஒரு பித்தளைத் தட்டைத் திருப்பி, நடுவில் ஸ்பின்னரின் குடைவுக்குச் சரியாக ஒரு மேடு விட்டேன். ஸ்பிரிட் விளக்கில் தட்டைச் சூடு காட்டி அரக்குத் துண்டை அதில் தேய்த்தால் தேன் நிறத்தில் இளகிப் பரவும். உடனே ஸ்பின்னரை மேட்டில் உட்கார வைத்து, லேத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, மூங்கில் குச்சியின் மழுங்கின நுனியை ஓரத்தில் மெல்ல அழுத்த வேண்டும். முதலில் தள்ளாடும். அரக்கு இறுக இறுகத் தள்ளாட்டம் குறைந்து ஒரு நொடியில் அப்படியே நின்றுவிடும். டயல் கேஜில் பார்த்தால் முள் அசைவதே இல்லை. அப்புறம் வெட்டு வாங்க வேண்டியதுதான், மெல்லியதாக, சூடேறாமல். முடிந்ததும் ஸ்பிரிட்டில் ஊறப் போட்டால் அரக்கு கரைந்து ஸ்பின்னர் தானாகக் கழன்று வரும். ஒரு கீறல் கிடையாது. இதை ஆசாரிக்குக் காட்டினேன். லென்ஸில் பார்த்துவிட்டு, “இதில் கல் வைக்க இடம் விடலையே” என்றார். அவ்வளவு பிடித்துவிட்டது அவருக்கு.

வெய்யில் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். வெட்டின சூட்டோடு மைக்ரோமீட்டர் போட்டால், முப்பது டிகிரி வித்தியாசத்தில் இந்த 14 மி.மீ. பித்தளை எட்டு மைக்ரான் பெரிதாகக் காட்டும். ஆறின பிறகு சுருங்கி, பிளேடுகள் பொருந்தும் ஹப் மேல் ஏறாது. விடியற்காலை வேலைக்கு அதுவும் ஒரு காரணம்.

பேரன் ரெசின் பிரின்டரில் எல்லாவற்றையும் அடித்துத் தருகிறேன் என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. விமானி இருக்கை, ஆன்டெனா, வயிற்றுப் பக்கத்து ரேடார் மூடி எல்லாம் அவன் அடித்ததுதான். அருமையாக வந்திருக்கின்றன, நானே சின்ன ஃபைலால் கொண்டுவர முடியாத நுணுக்கம். ஆனால் இந்த மாடிச் சூட்டில் மெல்லிய ரெசின் பிளேடு வாரத்தில் வளைந்துவிடுகிறது. சுற்றுவதும் தாங்குவதும் உலோகத்தில்தான் இருக்க வேண்டும், அதில் நான் இறங்கி வரமாட்டேன். பையனுக்கும் இப்போது புரிந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஷாஃப்ட் குழாய்க்குள் இறங்குவதைக் காட்டினேன். போனைக் கீழே வைத்துவிட்டு, திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக்கொண்டே இருந்தான். முழுக்கைச் சட்டை போடாமல், மோதிரம் கயிறு எல்லாம் கழற்றிவிட்டு வந்தால் லேத்தைத் தொடவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இனி யாருக்காக என்று கேட்டாயே, அவன் பன்னிரண்டாவது படிக்கிறான்.

கண் விஷயத்தைக் கொஞ்சம் பேசிவிடுவோம். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. அதற்கு முன் ஒரு வருடம் வெர்னியர் கோடு இரண்டாகத் தெரிந்து, இதோடு முடிந்தது என்று நானும் டூல்களுக்கு எண்ணெய் தடவி எடுத்து வைத்தவன்தான். பயமாகத்தான் இருந்தது மூர்த்தி. யாரிடமும் சொல்லவில்லை. இப்போது லென்ஸ் வைத்தபிறகு பித்தளையின் நிறமே வேறாகத் தெரிகிறது, மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது. நீ தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாய் என்று டப்பா சொன்னான். தள்ளிப்போடாதே. இதை நான் உன்னைக் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

இப்போது நான் எங்கே நிற்கிறேன் என்றால், பிளேடுகள் முப்பத்திரண்டு. பதினாறு ஒரு முறுக்கு, பதினாறு எதிர் முறுக்கு. வேர்ப்பக்கம் கோணம் அதிகம், நுனிக்குப் போகப் போகக் குறையும். இதற்கு இரண்டு எஃகு அச்சு செய்து, தகட்டை அதில் வைத்து அழுத்தி ஓரத்தை ராவுகிறேன். முன் பக்கத்துப் பிளேடுகள் முடிந்தன. பின் பக்கத்தவை நடந்துகொண்டிருக்கின்றன. ஹப்பில் தொண்ணூறு டிகிரிக்கு ஒன்றாக 0.8 மி.மீ. துளை, அதை என்னாலேயே போட முடியும்.

கியர் மட்டும் என்னால் ஆகாது. 0.5 மாடியூல் (பல்லின் அளவு), இருபது பல், ஒரு இன்ஜினுக்கு மூன்று என்று பன்னிரண்டு. கடையில் கிடைப்பது பிளாஸ்டிக், அதுவும் இந்த அளவில் இல்லை. பெவல் பல்லை நடுவில் ஒரு தரம், பிறகு நகர்த்தித் திருப்பி இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் என்று வெட்டி எடுக்கிற கை எனக்குத் தெரிந்து உன்னுடையது ஒன்றுதான். உன் மெஷின் இல்லாவிட்டால் என்ன? என் லேத்தில் ஏற்றி இறக்கும் வெர்டிகல் ஸ்லைடு இருக்கிறது. ஒற்றைப் பல் ஃப்ளை கட்டரைச் சக்கில் பிடிக்கிறோம், உன் ஹெட்டை ஸ்லைடில் மாட்டுகிறோம். உன் கையால் செய்த சின்ன ஹெட் என்பதால் அளவு சரியாகப் பொருந்தும், நீ அனுப்பிய பழைய வரைபடத்தை வைத்துப் பார்த்துவிட்டேன். ஹெட்டின் கைப்பிடி நாற்பது சுற்றினால் கியர் ஒரு சுற்று, இருபது பல் என்றால் பல்லுக்கு இரண்டு சுற்று. துளைத் தட்டுகூட வேண்டாம்.

ஒசூரில் பஸ் ஏறினால் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூர். பஸ் ஸ்டாண்டுக்குப் பேரன் வண்டியில் வருவான். மாடி அறையில் உனக்குக் கட்டில் போட்டாகிவிட்டது, கீழே படுப்பதானாலும் சரி. மத்தியானம் வேலை கிடையாது, தூங்கலாம். இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் வந்தால் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். உன் மகனிடம் நானே பேசுகிறேன், நீ சங்கடப்பட வேண்டாம்.

வரும்போது ஹெட், அதன் கைப்பிடி, டெயில் சென்டர், உன் பழைய கிளாம்ப் இரண்டு, கியர் டூத் கணக்கு எழுதின அந்தப் பச்சை நோட்டு. பித்தளை ராடு 12 மி.மீ. இங்கே இருக்கிறது, கொண்டுவராதே. தேதியை மட்டும் போனில் சொல்லு, நான் அதற்குள் பல் வெட்டாத கியர் பிளாங்க் பன்னிரண்டும், கூட இரண்டும், திருப்பி வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பெஞ்ச் நம்பர் ஏழு