குறைகளை ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள்

ஒன்றிய நிதியமைச்சகத்துக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலுக்கும்,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் நைட்டியும் குழந்தைகள் உடையும் தைத்து மலேசியாவுக்கு அனுப்பும் சின்ன யூனிட் எங்களுடையது. ஏற்றுமதிக்கு வரி இல்லை, துணிக்கும் நூலுக்கும் கட்டிய ஜிஎஸ்டி திரும்ப வரும் என்பது உங்கள் சட்டம். அந்த ரீஃபண்டுக்குப் போட்ட விண்ணப்பத்துக்குப் போன வாரம் மறுபடியும் ஆர்எஃப்டி-03, அதாவது குறைபாட்டுக் குறிப்பு, வந்திருக்கிறது.

முந்தைய குறிப்பில், துணி வாங்கிய பில் ஒன்றின் நகல் தெளிவாக இல்லை என்றார்கள். சரி, வேறு நகல் வாங்கி ஏற்றினோம். இப்போது உறுதிமொழித் தாளில் கையெழுத்து சரியான இடத்தில் இல்லையாம். அதே தாள்தான் முதலிலும் இருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாமே? குறிப்பு வந்துவிட்டால் பழைய விண்ணப்பம் செல்லாது, புதிதாகப் போட வேண்டும். ரீஃபண்டை 60 நாளுக்குள் தர வேண்டும் என்ற கணக்கும் முதலிலிருந்து ஓடும். அதைத் தாண்டினால் 6 சதவீத வட்டி உண்டு என்கிறது சட்டம். தேதியே தள்ளிக்கொண்டு போனால் அந்த வட்டி எப்படி வரும்?

ஓவர்லாக் அடிப்பவர், காஜா எடுப்பவர் என்று தண்டையார்பேட்டையிலிருந்து வரும் பெண்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுத்தாக வேண்டும். அதில் கை வைக்க மாட்டோம். ரீஃபண்டு வராததால் துணி வாங்குவதைத்தான் குறைத்தோம். மலேசியாவில் கிள்ளான் ஊர்க் கடைக்காரர் தீபாவளிக்குக் கேட்ட சரக்கில் பாதிதான் போனது. மீதியை வேறு ஆளிடம் எடுத்துக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பண்டிகை முடிந்து வரும் நைட்டியை அவர் யாருக்கு விற்பார்? அடுத்த ஆர்டரைப் பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை.

தயவுசெய்து குறைகளை ஒரே தடவையில் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது குறிப்பு பொதுவாகக் கூடாது என்று 2018-லேயே உங்கள் சுற்றறிக்கை சொன்னது. முதலில் சொன்ன குறை சரிசெய்யப்படாமல் இருந்தாலோ, பிறகு வேறு முக்கியக் குறை தெரியவந்தாலோ மட்டும் விலக்கு. கையெழுத்து இருக்கும் இடம் முக்கியக் குறையா?

சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ல் சட்டம் போட்டீர்கள். தரும்வரை அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்றும் பிறகு சேர்த்தீர்கள். நல்ல சட்டம். அந்தக் கண்டிப்பு அரசுக் கஜானாவுக்கு மட்டும் ஏன் இல்லை? ஏற்றுமதிக் கடன் வட்டியில் ஒரு பகுதியை அரசே ஏற்ற வட்டிச் சமன்பாட்டுத் திட்டத்தையும் 2024 டிசம்பர் 31-ஓடு முடித்துவிட்டீர்கள். துறைமுகம் எங்களுக்குப் பக்கத்தில்தான். சரக்கு கடல் தாண்டிவிடுகிறது, நாங்கள் கட்டிய பணம் துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலையைக்கூடத் தாண்டி வரமாட்டேன் என்கிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரே குறிப்பு, எல்லாக் குறையும் அதிலேயே. 60 நாளை முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து எண்ணுங்கள். சுற்றறிக்கையில் விடாமல் விதியிலேயே எழுதுங்கள். அடுத்த கவுன்சில் கூட்டத்தில் இதை எடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டை ஏற்றுமதியாளர் ஒருவர்